சுங்கச்சாவடியின் கதவு எங்கே போயிற்று?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைக் கிழக்கு மேற்காகக் கடந்து செல்லும் நெடுஞ்சாலை ஒன்று உண்டு. பென்சில்வேனியா டர்ன்பைக் என்பது அதன் பெயர். சுமார் 360 மைல் நீளமுள்ள இந்தச் சாலையில் செல்பவர்கள் கட்டணம் கொடுத்துத்தான் செல்ல வேண்டும். 1940-ஆம் ஆண்டில் சாலை திறக்கப்பட்ட நாளிலிருந்து இதன் சாவடிகளில் ஊழியர்கள் அமர்ந்து பணம் வாங்கி வந்தார்கள்.

2020 மார்ச் 16-ஆம் நாள் இரவு அந்தப் பழக்கம் நின்றது. கொரோனா நோய் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. கைக்குக் கை பணம் மாறினால் ஊழியருக்கும் ஆபத்து, ஓட்டுநருக்கும் ஆபத்து. எனவே யாரும் நின்று பணம் நீட்ட வேண்டாம், வேகத்தைக் குறைத்துச் சாவடியைக் கடந்து சென்றால் போதும் என்று ஓட்டுநர்களுக்கு அறிவிக்கப்பட்டது. கட்டணம் எப்படியும் வசூலாகிவிடும் என்றார்கள்.

எண்பது ஆண்டுப் பழக்கத்தை ஓர் இரவில் எப்படி நிறுத்த முடிந்தது? "வானொலி அலையும் கணிப்பொறியும் இருக்கின்றனவே!" என்று நீங்கள் சொல்லக்கூடும். அது பாதி விடைதான். பணம் கொடுக்க விரும்புகிறவரிடமிருந்து பணம் வாங்குவது எந்தக் காலத்திலும் பெரிய காரியமாக இருந்ததில்லை. கொடுக்காமல் போகிறவரை என்ன செய்வது என்பதே சாலைக் கட்டணத்தின் பழைய சிக்கல். அதற்காகத்தான் மனிதன் சாலையின் குறுக்கே ஒரு கதவை வைத்தான். அந்தக் கதவை எடுத்துவிட்டால் அது செய்த வேலையை யார் செய்வது? இந்த வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தச் சாலையின் வரலாற்றைப் பார்ப்போம்.

சுழலும் ஈட்டி

'டர்ன்பைக்' என்ற சொல்லே ஒரு கதவைக் குறித்த சொல்தான். 'பைக்' என்றால் ஈட்டி. சாலையின் குறுக்கே ஈட்டி போன்ற கம்பு ஒன்று நிறுத்தப்பட்டிருக்கும். காசு கொடுத்தால் காவலாள் அதைச் சுழற்றி வழி விடுவான். சுழலும் ஈட்டியே டர்ன்பைக். இங்கிலாந்தில் தோன்றிய இந்தப் பெயர் நாளடைவில் சாலைக்கே பெயராகிவிட்டது.

அமெரிக்காவில் இத்தகைய முதல் பெரிய சாலை 1790-களில் இதே பென்சில்வேனியா மாநிலத்தில்தான் போடப்பட்டது. பிலடெல்பியா நகரையும் லங்காஸ்டர் நகரையும் அது இணைத்தது. அதன் நீளம் 62 மைல், அதாவது சுமார் 100 கிலோமீட்டர். கல் பரப்பிய உறுதியான சாலை. அதைப் போட்ட கம்பெனி இடையிடையே வாயில்கள் அமைத்துக் கட்டணம் வசூலித்தது.

எல்லா வண்டிக்கும் ஒரே கட்டணம் இல்லை. எத்தனை குதிரைகள் இழுக்கின்றன, சக்கரத்தின் அகலம் என்ன என்றெல்லாம் பார்த்தார்கள். அகன்ற சக்கரம் பூட்டிய வண்டிக்குச் சலுகை உண்டு. குறுகிய சக்கரம் சாலையைக் கீறிக் கெடுக்கும், அகன்ற சக்கரம் அதை அழுத்திச் சமப்படுத்தும் என்பது காரணம். இன்று லாரிகளின் அச்சுகளை எண்ணிக் கட்டணம் விதிக்கிறார்களே, அந்தக் கணக்கின் பாட்டன் இதுதான்.

கட்டணம் வந்ததும் அதைத் தப்பும் வழியும் வந்தது. வாயிலுக்குச் சற்று முன்பே சாலையை விட்டு இறங்கி, வயல்வெளியைச் சுற்றிக்கொண்டு, வாயிலைத் தாண்டி மீண்டும் சாலையில் ஏறினார்கள். வண்டிகள் போய்ப் போய் அதுவே தனிப் பாதையாகிவிடும். இத்தகைய பாதைக்கு அமெரிக்கர்கள் 'ஷன்பைக்' என்று பெயர் வைத்தார்கள். வாயிலைத் தவிர்க்கும் வழி என்று பொருள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

மலையைத் துளைத்த சாலை

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் பெருகின. பென்சில்வேனியாவின் நடுவே அப்பலாச்சிய மலைத்தொடர் குறுக்கிடுகிறது. மலைப்பாதைகள் செங்குத்தானவை, வளைவுகள் நிறைந்தவை. குளிர்காலத்தில் பனி வேறு.

இம்மலைகளில் 1880-களில் ஓர் இரயில் கம்பெனி சுரங்கப் பாதைகளைத் தோண்டத் தொடங்கி, 1885-இல் பாதியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. அரை நூற்றாண்டுக் காலம் தண்ணீர் தேங்கிக் கிடந்த அந்தச் சுரங்கங்களை மோட்டார் சாலைக்குப் பயன்படுத்தலாமே என்ற யோசனை 1930-களில் எழுந்தது. புதிய சாலைக்கு அமைந்த ஏழு சுரங்கப் பாதைகளில் ஆறு, இப்படிப் பழைய இரயில் திட்டம் விட்டுச் சென்றவையே.

1940 அக்டோபர் 1-ஆம் நாள் சாலை திறக்கப்பட்டது. கார்லைல் முதல் இர்வின் வரை 160 மைல் தூரம். எங்கும் குறுக்குச் சாலை இல்லை, போக்குவரத்து விளக்கு இல்லை. ஐந்தரை மணி நேரம் பிடித்த பயணம் இரண்டரை மணி நேரமாகக் குறைந்தது. முழுத் தூரத்துக்கும் காருக்கான கட்டணம் ஒன்றரை டாலர், அதாவது ஏறக்குறைய மைலுக்கு ஒரு சென்ட். சாலை போட வாங்கிய கடனை இந்தக் கட்டணத்தைக் கொண்டு அடைப்பது திட்டம்.

கட்டண முறை எளிமையானது. சாலையில் நுழையும் இடத்தில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். எங்கே நுழைந்தீர்கள், உங்கள் வண்டி எந்த வகை என்பது அதில் இருக்கும். வெளியேறும் இடத்தில் சீட்டைக் கொடுத்தால் ஊழியர் தூரத்தைப் பார்த்துக் கட்டணம் சொல்வார். பணம் கொடுத்துவிட்டு நீங்கள் போகலாம்.

இந்தச் சாவடி எத்தனை வேலைகளைச் செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் வேலை, வண்டியின் வகையையும் அது வந்த தூரத்தையும் அறிவது. இரண்டாவது, பணத்தை வாங்குவது. மூன்றாவது, பணம் கொடுக்காதவரை அங்கேயே நிறுத்தி வைப்பது. இந்த மூன்றாவது வேலை கண்ணில் படுவதில்லை. ஆனால் முதல் இரண்டு வேலைகளும் ஒழுங்காக நடப்பது அதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சீட்டில் உங்கள் பெயர் இல்லை. நீங்கள் யார் என்று சாவடிக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. காசைக் கொடுத்ததும் கணக்கு அங்கேயே முடிந்தது.

விசிறியும் புனலும்

அப்படியானால் சாவடியை ஏன் எடுக்க வேண்டும்? சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

சாவடியில் ஒரு வண்டி நின்று, பணம் கொடுத்து, சில்லறை வாங்கிப் புறப்பட 10 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 3,600 நொடிகள். ஆகவே ஒரு சாவடி மணிக்கு 360 வண்டிகளை அனுப்பும். நிற்காமல் ஓடும் சாலையிலோ, இரண்டு நொடிக்கு ஒரு வண்டி வீதம் ஒரு தடத்தில் 1,800 வண்டிகள் போய்விடும். அதாவது ஒரு தடத்துக்கு ஐந்து சாவடிகள் தேவை. மூன்று தடங்கள் உள்ள சாலையானால் பதினைந்து சாவடிகள்.

சாவடி வரும் இடத்தில் சாலை விசிறிபோல் விரிவதும், அதைத் தாண்டியதும் புனல்போல் குறுகுவதும் இதனால்தான். விரிகிற இடத்தில் ஓட்டுநர்கள் குறைந்த வரிசையைத் தேடிக் குறுக்கே பாய்கிறார்கள். குறுகுகிற இடத்தில் பலரும் ஒரே தடத்துக்குள் நுழையப் பார்க்கிறார்கள். மோதல்கள் நிகழ ஏற்ற இடம். நின்று நின்று ஊர்வதால் எரிபொருளும் வீணாகிறது. பெரிய லாரி ஒன்று நின்று மறுபடியும் வேகம் பிடிக்கும்போது வெளிவிடும் புகையை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வண்டியே பதில் சொன்னால்?

நிற்காமல் போகும் வண்டியை அடையாளம் காண முடியுமா என்ற எண்ணம் நீண்ட காலத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில், வருவது தம் விமானமா பகை விமானமா என்று அறிய வானொலி அலையில் வினா அனுப்பி விடை பெறும் கருவிகள் பயன்பட்டன. 1948-இல் ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு கருவி தானாக அலையை உண்டாக்காமல், தன்மீது விழும் அலையைத் திருப்பி அனுப்பியே செய்தி சொல்லலாம் என்பது அதன் சாரம்.

இதைப் புரிந்துகொள்ளச் சிறுவர்களின் விளையாட்டு ஒன்று போதும். கையில் கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு வெயிலை எதிர்வீட்டுச் சுவரில் அடிப்பார்கள் அல்லவா? கண்ணாடியில் விளக்கு இல்லை. ஒளி சூரியனுடையது. ஆனால் கண்ணாடியைத் திருப்பியும் மறைத்தும் காட்டினால் "விட்டு விட்டு" ஒளி தெரியும். அந்த விட்டு விடுதலையே ஒரு மொழியாக்கிச் செய்தி அனுப்பலாம். சாலையோரக் கருவி அனுப்பும் வானொலி அலையே சூரியன். வண்டியில் ஒட்டிய வில்லையே கண்ணாடி. வில்லையில் உள்ள நுண் சில்லு, அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்கிறது.

1959-இல் பொருளியலாளர் வில்லியம் விக்ரி, வாஷிங்டன் நகரச் சாலைகளில் செல்லும் வண்டிகளை மின்னணுக் கருவியால் அடையாளம் கண்டு, நெரிசலுக்கு ஏற்பக் கட்டணம் விதிக்கலாம் என்று அமெரிக்கப் பாராளுமன்றக் குழு ஒன்றிடம் கூறினார். அன்று அது நடைமுறைக்கு ஒவ்வாத கனவாகத் தோன்றியது. 1996-இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்த மூன்றாம் நாள் அவர் காலமானார். ஆனால் அதற்குள் அவருடைய கனவு நனவாகியிருந்தது.

1971-இல் மாரியோ கார்டுல்லோ என்பவர் சாலைக் கட்டணத்துக்கான வில்லைக் கருவி ஒன்றை நியூயார்க் துறைமுக ஆணையத்துக்குச் செய்து காட்டினார். 1970-களில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் கால்நடைகளை அடையாளம் காண்பதற்காக இத்தகைய கருவிகளை ஆராய்ந்தனர். அந்த ஆராய்ச்சியிலிருந்து பிரிந்து வந்தவர்கள் 1980-களில் சாலைக் கட்டணக் கருவிகள் செய்யும் தொழிலில் இறங்கினர். நார்வேயில் ஓலேசுண்ட் என்னும் ஊரில் 1987-இலும், அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 1989-இலும் மின்னணுக் கட்டண வசூல் நடைமுறைக்கு வந்தது.

1990-இல் நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களைச் சேர்ந்த ஏழு அமைப்புகள் கூடின. ஒவ்வொருவரும் ஒரு வகை வில்லை கொடுத்தால் ஓட்டுநர் கண்ணாடியில் ஏழு வில்லைகளை ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும்! எனவே எல்லாச் சாலைக்கும் ஒரே வில்லை என்று முடிவு செய்தார்கள். அதற்கு 'ஈசிபாஸ்' என்று பெயர். 1993-இல் அது நியூயார்க் மாநிலத்தில் அறிமுகமாயிற்று. பென்சில்வேனியா டர்ன்பைக்குக்கு 2000 டிசம்பரில் வந்தது.

ஈசிபாஸ் என்பது உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி. இதனுள் சிறிய மின்கலம் உண்டு. சாவடியின் மேலே உள்ள கருவி 915 மெகாஹெர்ட்ஸ் அளவிலான வானொலி அலையில் "யார் அது?" என்று கேட்கிறது. அந்த அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். கேள்வி வந்ததும் பெட்டி விழித்துத் தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி உறங்கிவிடும். வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ஒரு நொடியில் 28 மீட்டர்தானே நகரும்! வினாவும் விடையும் ஆயிரத்தில் சில பங்கு நொடியில் முடிந்துவிடும். பின்னர் கணிப்பொறி உங்கள் கணக்கிலிருந்து கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறது.

வில்லை இல்லாத வண்டி

இப்போது நம் மூன்று வேலைகளுக்கு வருவோம். வண்டியை அறிவது, பணம் வாங்குவது ஆகிய இரண்டையும் வில்லை செய்துவிட்டது. மூன்றாவது வேலை? வில்லையே இல்லாத வண்டி வந்தால் வானொலி அலை கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது. ஆகவே 2000-க்குப் பிறகும் பல ஆண்டுகள் பென்சில்வேனியாவில் இரண்டு முறைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வில்லை வைத்திருப்பவர் ஒரு வழியில் போவார். மற்றவர் ஊழியர் இருக்கும் சாவடிக்குப் போவார்.

சாவடியை அறவே நீக்க வேண்டுமானால் காமிராவை நம்ப வேண்டும். வில்லை இல்லாத வண்டியின் எண் பலகையைக் காமிரா படம் பிடிக்கும். கணிப்பொறி எழுத்துகளைப் படித்து எண்ணை அறியும். ஐயம் இருந்தால் மனிதர் ஒருவர் படத்தைப் பார்த்துச் சரிசெய்வார். பதிவேட்டில் உரிமையாளரின் முகவரியைத் தேடித் தபாலில் பில் அனுப்புவார்கள்.

கேட்க எளிது. ஆனால் சேறு படிந்த பலகை, பனி மூடிய பலகை, எட்டா பி-யா என்று தெரியாத எழுத்து, ஐம்பது மாநிலங்களின் பலவிதமான பலகைகள், வீடு மாறியும் முகவரியை மாற்றாதவர்கள் என்று ஒவ்வொரு படியிலும் சில வண்டிகள் நழுவும். பென்சில்வேனியாவில் பதிவான வண்டிகளுக்குப் பின்புறத்தில் மட்டுமே எண் பலகை கட்டாயம். எனவே முன்புறப் படம் எடுத்தும் பயன் இல்லாமல் போகலாம்.

அதனால் மெல்ல மெல்லச் செய்யத் திட்டமிட்டார்கள். 2016 முதல் சில இடங்களில் மட்டும் ரொக்கத்தை நிறுத்திச் சோதித்தார்கள். சாலை முழுவதும் மாறுவது 2021-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் என்று நாள் குறித்திருந்தார்கள்.

நோய் வந்து அந்தக் கணக்கைக் கலைத்தது. 2020 மார்ச்சில் தற்காலிகமாக நிறுத்திய ரொக்க வசூல் நிலையாகவே நின்றது. ஜூன் மாதத் தொடக்கத்தில் டர்ன்பைக் ஆணையம் கூடி, ஏறக்குறைய 500 ஊழியர்களை வேலையிலிருந்து நீக்க முடிவு செய்தது. சாவடிகளில் இரவு பகலாக அமர்ந்து பணம் வாங்கியவர்களும் அந்தப் பிரிவைச் சேர்ந்த மற்றவர்களும் அவர்கள். ஓராண்டுக்கும் மேலாக அவகாசம் இருக்கிறது, அதற்குள் வேறு வேலை தேடலாம், படிக்கலாம் என்று எண்ணியிருந்தவர்களுக்குச் சில வாரங்கள்கூட மிஞ்சவில்லை. ஊரெங்கும் நோய். வேலை கிடைப்பது அரிது. ஒரு கருவி வரும்போது மனிதரின் வேலை போவது புதிதன்று. ஆனால் அது எப்போது, எவ்வளவு முன்னறிவிப்போடு போகிறது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. மனிதர்கள்தாம் தீர்மானிக்கிறார்கள்.

மீண்டும் ஷன்பைக்

ரொக்கம் நின்ற பின் என்ன ஆயிற்று? பெரும்பாலான ஓட்டுநர்கள் ஏற்கனவே ஈசிபாஸ் வைத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து பணம் ஒழுங்காக வந்தது. மற்றவர்களுக்குத் தபாலில் பில் போயிற்று. 2021 மே மாதத்தோடு முடிந்த கணக்காண்டில், வசூலாகாமல் நின்ற கட்டணம் 10 கோடி டாலருக்கும் மேல் என்று தெரியவந்தது. வில்லை இல்லாமல் ஒருவர் பயணம் செய்தால், ஏறக்குறைய இரண்டில் ஒரு பயணத்துக்குப் பணம் வராமலே போனது. பலகையைப் படிக்க முடியாதவை சில, முகவரி கிடைக்காதவை சில, பில் வந்தும் கட்டாதவை பல.

பழைய ஷன்பைக்கை நினைத்துப் பாருங்கள். அன்று வாயிலைச் சுற்றிப் போக ஒரு வயல் வேண்டியிருந்தது. வாயிலே இல்லாதபோது வயலும் தேவையில்லை. பில்லைக் கிழித்துப் போட்டால் போதும்!

இந்த இழப்பு சாதாரணமானதன்று. ஏனெனில் அந்தச் சாலையின் தலையில் ஏற்கனவே பெருஞ்சுமை இருந்தது. 2007-இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி டர்ன்பைக் தன் வருவாயிலிருந்து மாநிலத்தின் மற்றச் சாலைகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் பணம் தரவேண்டியிருந்தது. 2010-களில் அது ஆண்டுக்கு 45 கோடி டாலர். அதற்காகக் கடன் வாங்கினார்கள். கடனை அடைக்க 2009 முதல் ஆண்டுதோறும் கட்டணத்தை உயர்த்தினார்கள். எனவே ஒருவர் கட்டாமல் விடும் கட்டணம், ஒழுங்காகக் கட்டுகிறவரின் மேல்தான் வந்து விழுகிறது.

ஆகவே கதவின் வேலையைச் செய்ய வேறு ஏற்பாடுகள் வந்தன. முதலாவது, விலை. 2021-இல், தபாலில் பில் பெறுகிறவருக்கு ஈசிபாஸ் வைத்திருப்பவரைவிட 45 விழுக்காடு அதிகக் கட்டணம் விதித்தார்கள். இரண்டாவது, சட்டம். கட்டணம் பாக்கி வைத்தால் வண்டியின் பதிவையே நிறுத்திவைக்கலாம் என்று மாநிலச் சட்டம் கூறியது. முதலில் இதற்கு ஆறு பாக்கிகள் அல்லது 500 டாலர் என்று வரம்பு இருந்தது. 2022-இல் இதை நான்கு பாக்கிகள் அல்லது 250 டாலர் என்று குறைத்தார்கள்.

இப்போது நம் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. கதவு மறைந்துவிடவில்லை. சாலையிலிருந்து பெயர்ந்து சட்டப் புத்தகத்துக்குள்ளும் பதிவேட்டுக்குள்ளும் போய் அமர்ந்துகொண்டது.

பெயர் தெரிந்த கதவு

பழைய கதவுக்கும் புதிய கதவுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பழைய கதவுக்கு உங்கள் பெயர் தெரியாது. புதிய கதவுக்குப் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். யாருடைய கணக்கில் கழிப்பது, யாருக்குப் பில் அனுப்புவது என்று தெரியாமல் அதனால் இயங்க முடியாது. அதோடு நேரமும் இடமும் பதிவாகின்றன.

இதன் பொருளை ஹாங்காங் மக்கள் முன்பே உணர்ந்தார்கள். 1983 முதல் 1985 வரை அங்கே சுமார் 2,500 வண்டிகளில் மின்னணுப் பலகை பொருத்திச் சாலைக் கட்டண முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகள் நூற்றுக்கு 99-க்கும் மேல் சரியாக வேலை செய்தன. ஆனாலும் திட்டம் கைவிடப்பட்டது. எங்கள் போக்குவரத்தை அரசாங்கம் ஏன் குறித்துவைக்க வேண்டும் என்பது மக்கள் எழுப்பிய முக்கியமான ஆட்சேபங்களில் ஒன்று. இந்த அச்சம் வீணானதன்று. அமெரிக்காவில் சில மாநிலங்களில், கணவன் சொன்ன ஊருக்குப் போகவில்லை என்று காட்ட ஈசிபாஸ் பதிவுகளை விவாகரத்து வழக்குகளில் சாட்சியமாகக் கொண்டுவந்தார்கள்.

வங்கிக் கணக்கு இல்லாதவரின் நிலை என்ன என்ற கேள்வியும் உண்டு. கையில் காசு இருந்தும், வில்லை இல்லாத காரணத்தால் அதிகக் கட்டணம் கொடுப்பவர் பெரும்பாலும் ஏழையாகவே இருப்பார். கடைகளில் ரொக்கம் செலுத்திக் கணக்கை நிரப்பும் ஏற்பாடு பென்சில்வேனியாவில் செய்யப்பட்டிருக்கிறது. எனினும் அதைத் தேடிப் போக வேண்டியவர் அவர்தான்.

நம் நாடு சென்ற வழி சற்று வேறு. நம் நெடுஞ்சாலைகளில் வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் பாஸ்டேக் வில்லையில் மின்கலம் இல்லை. மேலே சொன்ன கண்ணாடித் துண்டைப் போல, விழும் அலையைத் திருப்பி அனுப்பியே அது பேசுகிறது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் அது கட்டாயமாக்கப்பட்டது. இல்லாதவர் இரு மடங்கு கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதித்தார்கள். ஆனால் சாவடியையும் தடைக்கம்பையும் எடுத்துவிடவில்லை. வண்டி சற்றே நின்றுதான் போயிற்று. மூன்றாவது வேலையைப் பழைய கம்பே செய்துகொண்டிருந்ததால், பணம் வராமல் நழுவும் சிக்கல் பென்சில்வேனியாவைப் போல் எழவில்லை. அங்கே வேகம் கிடைத்து வசூல் நழுவியது. இங்கே வசூல் உறுதியாகி வேகம் பாதிதான் கிடைத்தது. இரண்டும் இலவசமாக வருவதில்லை.

2025 ஜனவரியில் பென்சில்வேனியா டர்ன்பைக்கின் கிழக்குப் பகுதியில் அடுத்த மாற்றம் வந்தது. சாலையின் குறுக்கே உயரத்தில் இரும்பு வளைவுகளை நிறுத்தினார்கள். வண்டிகள் வேகத்தைக் குறைக்காமலே அவற்றின் கீழே ஓடுகின்றன. மேலேயுள்ள கருவிகள் வில்லையைக் கேட்கின்றன, பலகையைப் படம் பிடிக்கின்றன, வண்டியின் வகையை அறிகின்றன. தேவையற்றுப் போன பழைய சாவடிகளை இடிக்கும் வேலை தொடங்கியது. மேற்குப் பகுதியிலும் இதே மாற்றத்தை 2027-இல் செய்வதாகத் திட்டமிடப்பட்டது.

இனி அந்தச் சாலையில் செல்லும் ஒரு சிறுவனுக்குச் சாவடி என்றால் என்னவென்றே தெரியாமல் போகலாம். தலைக்கு மேலே ஓர் இரும்பு வளைவு நொடியில் கடந்து போவதை மட்டுமே அவன் பார்ப்பான். அடுத்த முறை நீங்கள் ஒரு சுங்கச்சாவடியில் நிற்கும்போது, உங்கள் முன்னே உயரும் அந்தக் கம்பைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒருநாள் அதுவும் போய்விடும். அப்போது அதன் வேலையை எந்தச் சட்டம் செய்கிறது, நம்மைப் பற்றி அது எதைக் குறித்து வைத்துக்கொள்கிறது, அந்தச் சாவடியில் இருந்தவர் எங்கே போனார் என்று கேட்க மறக்க வேண்டாம்.